படித்தறிதலும் பார்த்தறிதலும்

(தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவர் ஒருவர் எழுதியது)

ஒன்றை அறிய வேண்டுமாயின் ஏட்டைப் புரட்டுவது முன்னையோர் வழக்கம். இக்காலத்தில் நம்மனோர் கைப்பேசியை எடுத்துக் காணொளியைத் தேடுகின்றனர். குழம்பு கூட்டும் பக்குவம் முதலாகக் குற்றியலுகரப் புணர்ச்சி ஈறாக எதற்கும் காணொளி உண்டு. தேர்வுக்கு முதல்நாள் இரவு நம் விடுதியில் உலவிப் பார்ப்பவர் எவரும் இதனை உணர்வர். நன்னூல் நூற்பா ஒன்றன் பொருளைக் காண, உரைநூல் பக்கத்தில் விரிந்து கிடக்கவும், இருபது நிமிடப் பேச்சொன்றைச் செவியில் மாட்டிக்கொண்டு அமர்ந்திருப்போர் பலர். அவரைப் பழித்தல் எம் கருத்தன்று. பாட்டும் கூத்தும் விளையாட்டும் கண்ணாற் காணத்தக்கனவே; அவற்றைப் பற்றிய வழக்கு ஈண்டு இல்லை. ஒரு செய்தியை, அதாவது ஓர் அளவை, ஓர் ஆண்டை, ஒரு விதியை, ஒரு சொற்பொருளை அறிந்துகொள்ளுதல் என்னும் ஒன்றன்கண் மட்டும் எழுத்துக் காணொளியினும் மேம்பட்டது என்பது எம் துணிபு. இது புதிய வழக்கும் அன்று. தமிழ்ப் புலவருலகில் இதுபோன்ற வழக்கொன்று முன்னரே நிகழ்ந்து, தீர்ப்பும் கூறப்பட்டுவிட்டது. அதனை முதற்கண் கூறுவோம்.

தமிழிற் சொற்பொருள் உரைக்க எழுந்த பழைய நூல்கள் நிகண்டுகள். அவற்றுள் திவாகரம் முற்பட்டது. அது பன்னிரண்டு தொகுதிகளாக வகுக்கப்பட்டது. தெய்வப் பெயர் ஒரு தொகுதி, மக்கட் பெயர் ஒரு தொகுதி, விலங்கின் பெயர் ஒரு தொகுதி, மரப் பெயர் ஒரு தொகுதி என இங்ஙனம் செல்லும். பிற்காலத்து மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு விருத்தப்பாவால் அமைந்தமையின் ஓதுதற்கு இனிமையுடையது. திண்ணைப் பள்ளிச் சிறார் அதனை நெட்டுருச் செய்தனர். அச்சும் தாளும் இல்லாத காலத்தில் ஒரு நூலை அழியாமற் காத்தற்கு மாணாக்கர் நெஞ்சமே தக்க பேழையாயிருந்தது என்பதை மறுப்பார் இலர்.

ஆயினும் நிகண்டிலே ஒரு சொல்லைத் தேடப் புகுவார்க்கு உண்டாகும் இடர்ப்பாட்டை நோக்குக. வேழம் என்னும் சொல் ஒரு பாட்டில் வருகின்றது. அதன் பொருள் தெரியவில்லை. அச்சொல் யானையைக் குறிக்குமாயின் விலங்கின் பெயர்த் தொகுதியிற் காணவேண்டும்; கரும்பையோ மூங்கிலையோ குறிக்குமாயின் மரப் பெயர்த் தொகுதியிற் காணவேண்டும். எத்தொகுதி என்று துணிதற்கு அச்சொற்கு முன்னரே பொருள் தெரிந்திருத்தல் வேண்டும்! பொருள் தெரிந்தவனுக்கு நிகண்டு எதற்கு? தெரியாதவன் முதற்பாட்டிலிருந்து தொடங்கி வரிசையாக ஓதிக்கொண்டு போவதன்றி வேறு வழியில்லை. அல்லது நூல் முழுவதையும் முன்னரே மனத்தில் ஏற்றியிருத்தல் வேண்டும். நூலாசிரியர் எவ்வழி நடத்துகின்றாரோ அவ்வழியே கற்பவன் நடக்கின்றான். குறுக்கு வழி அவனுக்கு இல்லை.

இவ்விடர்ப்பாட்டைப் பெரியோர் உணராமலில்லை. சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி பல பொருள் குறித்த சொற்களை எதுகை முறையில் நிறுத்தியது. 1594-ஆம் ஆண்டிற் சிதம்பர ரேவண சித்தர் என்பார் சொற்களை முதலெழுத்து முறையில் வைத்து அகராதி நிகண்டு என்னும் நூலை இயற்றினார். அகரத்தை ஆதியாக உடையது என்னும் பொருட்டாய அப்பெயரே இன்று அத்தகைய நூல்களுக்கெல்லாம் பொதுப்பெயராய் வழங்குகின்றது. ஆயினும் அந்நூலும் நூற்பாக்களால் ஆயதே. பின்னர் 1732-ஆம் ஆண்டில், இத்தாலி நாட்டிலிருந்து போந்து தமிழ்க்கடல் ஆடிய வீரமாமுனிவர் சதுரகராதியைத் தொகுத்தார். செய்யுட் கட்டை அவிழ்த்துவிட்டார். சொற்களை அகரவரிசையில் நிரல்பட நிறுத்தினார். பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதியாக வகுத்தார். தேம்பாவணி பாடிய கைக்குச் செய்யுள் அரிதன்று. செய்யுள் வல்லார் ஒருவரே செய்யுளை ஒதுக்கிவைத்தார் என்பதைக் கருதுங்கால், அவர் கற்பவன் பக்கம் நின்று எண்ணினார் என்பது புலனாகும்.

அகராதி வந்தபின் நேர்ந்த மாறுதல் யாது? சொற்கள் அவையே, பொருள்களும் பெரும்பாலும் அவையே. வேழத்துக்கு யானை என்று திவாகரம் கூறியதையே அகராதியும் கூறும். மாறியது ஒன்றே: எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்னும் உரிமை நூலாசிரியன் கையினின்று நீங்கிக் கற்பவன் கைக்கு வந்தது. யாதொன்றும் மனப்பாடம் செய்யாத ஒருவன், அகரவரிசை அறிந்த அளவிலே, வேண்டிய சொல்லை வேண்டிய கணத்தில் எடுத்துக்கொள்ளுகின்றான். 1924-ஆம் ஆண்டு முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939-ல் அநுபந்தமாகவும் வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி முழுவதையும் படித்து முடித்தவர் எவரேனும் உளரோ? ஆயினும் அதனாற் பயன்பெறாத தமிழாசிரியர் இலர். முழுதும் படியாமலே பயன் கொள்ளத்தக்கது எழுத்து.

இவ்வொரு சிறப்புத் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. மேலை நாடுகளிற் பழைய நூல்கள் சுருள்களாய் இருந்தன. நடுவிலுள்ள ஒரு வரியைக் காண வேண்டின் அதுவரை சுருளை அவிழ்த்துக்கொண்டே போதல் வேண்டும். ஏடுகளை மடித்துத் தைத்த புத்தக வடிவத்தைப் பிறர்க்கு முன்னரே விரும்பி மேற்கொண்டோர் ஆதிக் கிறிஸ்தவர்கள். சுவிசேஷத்தில் ஒரு வாக்கியத்தையும் தீர்க்கதரிசன நூலில் ஒரு வாக்கியத்தையும் அடுத்தடுத்துத் திருப்பி ஒப்பிடுவார்க்கு அவ்வடிவம் பெரிதும் உதவியது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேத புத்தகத்தை அதிகாரங்களாக வகுத்தவர் இசுடீவன் லாங்டன். புதிய ஏற்பாட்டுக்கு வசன எண் இட்டு 1551-ல் அச்சிட்டவர் இராபர்ட் எஸ்தியென் என்னும் அச்சாளர். சுருளினின்று புத்தகமும், புத்தகத்தினின்று எண்ணிட்ட வசனமும், நிகண்டினின்று அகராதியும் ஒரே திசையில் நடந்த நடைகள். பல நூற்றாண்டாக நடந்த இவ்வழியை விட்டு, யாம் மீண்டும் சுருளுக்குச் செல்லுகின்றோமோ என்பதே எம் ஐயம். காணொளி என்பது மின்னாலாகிய சுருள். அதன் நடுவே ஓடவிட்டுப் பார்க்கலாமே எனின், பார்க்கலாம். எவ்விடத்தில் என்ன உளது என்று தெரியாமையால் அது கிணற்றில் விழுந்த மோதிரத்தைக் கயிற்றாற் துழாவுதல் போலாகும்.

நிற்க. இஃது ஏட்டுச் சுரைக்காய் என்று கருதுவார் உளராயின், அவர் பொருட்டு எம் ஊர்ப்புறத்து நிகழ்ச்சி ஒன்றை எடுத்துரைப்போம்.

எம்.ரெட்டியபட்டி, அருப்புக்கோட்டை திருச்சுழி வட்டாரத்துக் கரிசற் காட்டில் உள்ள ஊர். கண்மாய் பெருகினால் நெல்; இல்லையேல் வானம் பார்த்த வெள்ளாமையே. பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, மல்லி என்பன இப்பக்கத்துப் பழைய பயிர்கள். மக்காச்சோளம் பிற்காலத்து வந்து பரவியது. ஆவணி புரட்டாசியில் உழுது போட்டுவிட்டு, வடக்கே மேகம் கறுக்கின்றதா என்று பார்த்திருப்பது இங்குள்ளார் இயல்பு. இத்தகைய நிலத்தில் ஒரு முறை பயிர் பிழைத்தால் அவ்வாண்டுக் கடன் அடையும்; பிழையாவிடின் அடுத்த ஆண்டுக்கு வட்டியோடு செல்லும்.

2018-ஆம் ஆண்டு மே மாதத்திற் கருநாடக மாநிலத்துச் சிவமொக்காப் பகுதியில் ஒரு புதிய புழு மக்காச்சோளத்தில் காணப்பட்டது. அது அமெரிக்கக் கண்டத்துக்குரிய படைப்புழு. 2016-ல் ஆப்பிரிக்காவில் முதலிற் காணப்பெற்றுப் பின்னர் நம் நாட்டுக்கு வந்தது. அவ்வாண்டிற்குள்ளாகவே தமிழ்நாட்டு மானாவாரி நிலங்களிலும் பரவிவிட்டது. குருத்துக்குள் நுழைந்துகொண்டு இலையைச் சல்லடையாக்கும் தன்மையது. மேலே தெளிக்கும் மருந்து அதன்மேற் படுவதில்லை. பாட்டன் காலத்து அநுபவம் எதுவும் இதற்கு உதவாது, என்னை? பாட்டன் இப்புழுவைக் கண்டதில்லை. எனவே உழவர் அறிவைப் புறத்திலிருந்தே பெறுதல் வேண்டியதாயிற்று. பெற்ற வழி பெரும்பாலும் காணொளி.

எம் பெரியப்பாவுக்கு இரண்டு ஏக்கர் மக்காச்சோளம். குருத்திற் புழு கண்டவுடன் எமாமெக்டின் பென்சோயேட் என்னும் மருந்தை வாங்கி வந்தார். பொட்டலத்தில் அளவு அச்சிடப்பட்டிருந்தது; ஆனால் அவ்வெழுத்து எறும்பின் காலடி போன்றது. (எழுத்தென்று பெயர் வைத்துவிட்டால் எல்லாம் படிக்கத்தக்கதாகிவிடாது, இக்குறையை எழுத்தின் பக்கம் நிற்கும் யாமே ஒப்புக்கொள்ளுகின்றோம்.) ஆதலால் அவர் காணொளி ஒன்றைப் போட்டார். அதன் நீளம் பன்னிரண்டு நிமிடம். முதலில் வணக்கம், பிறகு மணிப்பொத்தானை அழுத்துமாறு வேண்டுகோள், பிறகு பேசுபவர் சென்ற ஆண்டு பட்ட பாடு, நடுவே இரண்டு விளம்பரம். ஒன்பதாம் நிமிடத்தில் அளவு வந்தது: டேங்குக்கு ஒரு மூடி.

எந்த டேங்கு? பத்து லிட்டர் கொள்வதும் உண்டு, பதினாறு லிட்டர் கொள்வதும் உண்டு. எந்த மூடி? பேசியவர் கையிலிருந்த மூடி பெரியப்பாவிடம் இல்லை. இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் ஓட்டிக் கேட்டார். ஒவ்வொரு முறையும் அதே மூடிதான் வந்தது. அப்பொழுது யாம் விடுமுறையில் ஊரில் இருந்தமையின், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் இணையத்தில் தமிழிலே எழுதி வைத்துள்ள பயிர்ப் பாதுகாப்புப் பக்கங்களைத் தேடினோம். மருந்தின் பெயரை எழுதித் தேடிய அரை நிமிடத்தில் அளவு கிடைத்தது: ஒரு லிட்டர் நீருக்கு 0.4 கிராம். எஞ்சியது தொடக்கப் பள்ளிக் கணக்கு. பத்து லிட்டருக்கு 4 கிராம். பதினாறு லிட்டர் டேங்குக்கு 6.4 கிராம், ஏக்கருக்கு 200 லிட்டர் நீர் எனின் 80 கிராம், பன்னிரண்டரை டேங்கு. பொட்டலத்தின் சிற்றெழுத்தைக் கைப்பேசியாற் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தோம். அதுவும் இவ்வளவே கூறியது. இரண்டு எழுத்துச் சான்றும் ஒத்தன. அக்கணக்கை நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதி மடித்து, மருந்தடிக்க வந்தவர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காட்டுக்குப் போனார்.

அம்மூடி எத்தனை கிராம் கொள்ளும் என்பதை இன்றுவரை யாம் அறியோம். கூடுதலாகக் கலந்திருந்தால் பணம் வீண். தெளிப்பவர் உடம்புக்குத் தீங்கு. குறைவாகக் கலந்திருந்தால் புழு சாகாது, மருந்துக்குப் பழகியும் விடும். பேசியவர் பொய் கூறினார் அல்லர். தம் கையில் உள்ளதைக் காட்டினார். காட்டும்பொழுது எண் சொல்ல வேண்டும் என்னும் நினைவு எழுவதில்லை. எழுதுவோனோ மூடியைக் காட்ட இயலாது. ஆதலால் எண்ணைச் சொல்லியே ஆக வேண்டும். எழுத்தின் வறுமையே அதனை நேர்மைப்படுத்துகின்றது. இந்நிகழ்ச்சியால் யாம் கண்ட உண்மைகளுள் இதனையே தலையாயதாகக் கருதுகின்றோம்.

இனி, அரை நிமிடச் செய்தி பன்னிரண்டு நிமிடமாய் விரிந்தமைக்குக் காரணம் யாது? பேசுபவரின் இயல்பு மட்டும் அன்று. கூலி கணக்கிடும் முறையும் ஆகும். யூடியூப் என்னும் காணொளித் தளம் 2005-ல் தோன்றியது. பார்ப்பவர் எத்துணை நேரம் தங்கினர் என்பதை நோக்கி அது காணொளிகளை முன்னிறுத்துகின்றது. நடுவே விளம்பரம் இடவேண்டுமாயின் காணொளி குறிப்பிட்ட நீளமுடையதாய் இருத்தல் வேண்டும் என்னும் விதியும் அங்கு உண்டு. முன்பு அது பத்து நிமிடமாயிருந்தது, 2020-ஆம் ஆண்டு ஜூலை முதல் எட்டு நிமிடமாயிற்று. சொல்லவேண்டியது ஒரு நிமிடத்தில் முடிந்துவிடினும், எட்டு நிமிடம் பேசினாற்றான் கூலி பெருகும் எனின், யார்தான் பேசமாட்டார்?

நன்னூலார் நூலுக்கு ஆகாத குற்றம் பத்து என எண்ணினார். கூறியதையே கூறுதல் அவற்றுள் ஒன்று. எடுத்த பொருளை விட்டு வேறொன்றை விரித்தல் ஒன்று. மிகையாகக் கூறுதல் ஒன்று. சொற்களிருந்தும் பயனில்லாமற் போதல் ஒன்று. பவணந்தி முனிவர் கைப்பேசியைக் கண்டவரல்லர், கண்டவர்போலக் கூறியுள்ளார். நூலுக்குரிய பத்து அழகுகளுள் சுருங்கச் சொல்லுதலை அவர் முதலில் வைத்தார். எந்தத் தொழிலிற் சுருங்கச் சொன்னவனுக்குக் கூலி குறைகின்றதோ, அத்தொழிலில் அவ்வழகை எதிர்பார்த்தல் அரிது. இணையத்து எழுத்துப் பக்கங்களிலும் இந்நோய் தொற்றியுள்ளது உண்மையே. ஒரு சட்டினிக்கு முன்னே மூன்று பக்கம் முகவுரை எழுதுவோர் உளர். ஆனால் அங்கே நம் கண் தாவி இறங்கிவிடும். எழுத்திற் பிறர் வளவளப்பு நம்மைக் கட்டுவதில்லை.

பொருட்செலவையும் சிறிது கருதுவோம். யூனிக்கோடு முறையில் தமிழெழுத்தின் ஒவ்வொரு குறிக்கும் பொதுவாக மூன்று பைட்டு இடம் வேண்டும். இரண்டாயிரம் குறிகள் கொண்ட ஒரு பக்கம் ஆறு கிலோபைட்டு. நடுத்தரத் தெளிவுடைய பத்து நிமிடக் காணொளி ஒன்று ஐம்பது மெகாபைட்டு என்று வைத்துக்கொள்வோமாயின், அவ்விடத்தில் எட்டாயிரம் பக்கத் தமிழைச் சேமிக்கலாம். 2016-க்குப் பின் இணையக் கட்டணம் குறைந்தமையால் நகரத்தார் இவ்வேறுபாட்டை உணர்வதில்லை. எம் ஊர்க் காட்டிலே, சீமைக்கருவேல மரங்களின் நடுவே நின்றுகொண்டு, காணொளி நடுவே நின்று வட்டம் சுழல்வதைப் பார்த்திருப்பவர் உணர்வர். எழுத்து எத்துணை மெலிந்த இணைப்பிலும் வந்து சேர்ந்துவிடும்.

இத்துணையும் கூறியபின் எதிர்வழக்கையும் கேட்டல் முறை. அது வலியுடையது.

முதலாவது, எழுத்தறியாதார் நிலை. 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவு ஏறக்குறைய நூற்றுக்கு எண்பது. ஏழு வயதுக்கு மேற்பட்டாருள் ஐவரில் ஒருவர் அன்று படிக்க அறியாதவர். எம் பெரியம்மா அவ்வொருவருள் ஒருவர். களையெடுப்பிலும் விதை தேர்விலும் அவருக்குள்ள அறிவு எமக்கு இல்லை. ஆயினும் பல்கலைக்கழகத்துப் பக்கம் அவருக்கு வெறுந்தாள். காணொளி வந்தபின்னரே ஊருக்கு வெளியிலுள்ள அறிவு ஒருவர் இடைநிற்றலின்றி அவர் செவியை எட்டியது. இதனைச் சிறுமையாகப் பேசுவது கற்றவர் செருக்கு.

இவ்விடத்தில் அவரே கூறிய ஒன்று எம் சிந்தையைத் தூண்டியது. நாட்காட்டித் தாளில் எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டியபோது, இடையிடையே மறித்து, காலையில் அடிப்பதா மாலையில் அடிப்பதா, ஆட்டுக்கு அத்தட்டையைப் போடலாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். காணொளியிலே இதெல்லாம் வந்திருக்குமே என்றோம். “நீ வாசிச்சா நான் கேள்வி கேக்கலாம்ப்பா. அவன்கிட்டக் கேட்டா அவன் பாட்டுக்குப் பேசிக்கிட்டே போறான்” என்றார்.

திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களின் பின்னர்க் கேள்வி என்னும் அதிகாரத்தை அமைத்துள்ளார். கல்லாதவனாயினும் கேட்டறிக என்பது அவர் கருத்து. ஆனால் அவர் கூறிய கேள்வி, பேசுபவரும் கேட்பவரும் முகத்தோடு முகம் நோக்கியிருந்த கேள்வி. நம் மொழியிற் கேட்டல் என்னும் சொல் செவிமடுத்தலையும் வினாவுதலையும் ஒருங்கே குறிப்பது தற்செயலன்று. வினாவ இயலாத செவிமடுத்தல் பாதிக் கேள்வியே. கிரேக்க நாட்டுப் பிளேட்டோ தம் பைதருசு என்னும் உரையாடலில், எழுத்தை வினாவினால் அது விடை கூறாது, சொன்னதையே சொல்லிக்கொண்டு நிற்கும் என்று சாக்ரட்டீசர் குறைகூறியதாக எழுதினார். (அக்குறையும் எழுத்தினாலேதான் நம்மை வந்தடைந்தது.) அவர் எழுத்தின்மேல் ஏற்றிய அக்குற்றம் காணொளிக்கு இன்னும் பொருந்தும். எழுத்தாவது நாம் நின்றால் நிற்கும்.

சீவகசிந்தாமணிப் பதிப்பின் வரலாறும் இதற்கு ஒரு சான்று. 1880-ல் சேலம் இராமசுவாமி முதலியார் தூண்டுதலாற் சாமிநாதையரவர்கள் அந்நூலைக் கையிலெடுத்தபோது, அதனைப் பாடஞ்சொல்லும் ஆசிரியர் எவரும் அவருக்கு வாய்க்கவில்லை. ஏடும் நச்சினார்க்கினியர் உரையும் எழுத்தில் இருந்தன. விளங்காத சமயக் கருத்துக்களைக் கும்பகோணத்துச் சைனர்களிடம் போய் வினாவி அறிந்தார். 1887-ல் நூல் வெளிவந்தது. நிலைத்து நிற்பதற்கு எழுத்தும், வினாவுவதற்கு மனிதரும் இருந்தமையால் அந்நூல் நமக்குக் கிடைத்தது. எழுத்தறியாத பெரியம்மாவுக்கு வேண்டியதும் இவ்விரண்டே: எங்கேனும் எழுதப்பட்ட ஒரு பக்கம், அதனைப் படித்துக் காட்ட ஒருவர்.

இரண்டாவது, கண்ணாற் கண்டாலன்றி விளங்காதவை. படைப்புழுவை மற்றப் புழுக்களினின்று பிரித்தறிய, அதன் தலையிலே தலைகீழாகக் கவிழ்த்த ஆங்கில ‘ஒய்’ எழுத்துப் போன்ற வெண்கோடும், வாற்பக்கத்தில் சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளியும் நோக்கவேண்டும். இவ்வொரு வாக்கியத்தைப் படித்தவர் புழுவைக் கையில் வைத்துக்கொண்டு ஐயுறலாம். படத்தைக் கண்டவர் ஐயுறார். தெளிப்பான் முனையைக் குருத்துக்குள் எவ்வாறு சாய்ப்பது என்பதற்குக் காணொளிக்கு நிகரில்லை. செய்கை கற்கக் காணொளியும், செய்தி அறிய எழுத்தும் என்று பாகம் பிரித்துக்கொள்ளுதல் தகும். எம் பெரியப்பாவுக்கு வேண்டியிருந்தது எண், கிடைத்தது செய்கை.

உடற்குறை உடையார் நிலையையும் மறத்தலாகாது. செவிப்புலன் இல்லாதார்க்குப் பேச்சுக் காணொளி ஊமைக் கூத்து. கண்பார்வை இல்லாதார்க்கோ, திரையில் எழுதிக் காட்டிவிட்டு வாயாற் சொல்லாமல் விடும் எண் இல்லாத எண். எழுத்தாயின், திரைப்படிப்பான் என்னும் மென்பொருள் அதனைத் தமிழிலே வாய்விட்டுப் படிக்கும். வேண்டிய வேகத்தில், வேண்டிய வரியிலிருந்து படிக்கும். நம் கல்லூரியிற் பார்வையற்ற மாணவர்கள் எம்மினும் விரைவாகச் செவியாற் படிப்பதை யாம் கண்டு வியந்துள்ளோம். எழுத்து எளிதிற் குரலாகும். குரல் அத்துணை எளிதில் எழுத்தாவதில்லை. பேச்சை எழுத்தாக்கும் கருவிகள் வந்துவிட்டன எனினும், கரிசற் காட்டுப் பேச்சு வழக்கில் அவை தடுமாறுகின்றன.

பிழை திருத்தத்திலும் வேறுபாடு உண்டு. விக்கிப்பீடியாவிலே ஓர் ஆண்டு தவறாயிருப்பின், கண்ட எவரும் அவ்வோரெண்ணை மாற்றலாம். யார், எந்நாள், எதனை மாற்றினார் என்பது வரலாற்றுப் பக்கத்தில் அழியாமல் நிற்கும். காணொளியில் ஒன்பதாம் நிமிடத்துப் பிழையை மட்டும் நீக்கிச் சரியான சொல்லைப் புகுத்துதல் எளிதன்று. பேசியவர் பின்னர்த் தம் பிழையை உணர்ந்தாலும், பழைய மூடி பழைய வண்ணமே சுற்றிக்கொண்டிருக்கும்.

இணையத்தில் தமிழ் எழுத்துக்கு இடம் தேடிக்கொடுத்தவர்களை ஈண்டு நன்றியுடன் நினைத்தல் கடன். 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், சுவிட்சர்லாந்திலிருந்த கல்யாணசுந்தரம் என்னும் அறிவியலாளர் முதலிய தன்னார்வலர் முயற்சி. அவர்கள் திருக்குறள் முதலாக நூல்களைத் தட்டெழுதி இலவசமாக வழங்கினர். 2001-ல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கிற்று; அதுவே இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம். 2003-ல் தமிழ் விக்கிப்பீடியா பிறந்தது. இன்று அதன் கட்டுரைகள் ஒன்றரை இலக்கத்துக்கு மேற்பட்டன. 1981-ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்கள் எரியுண்டதை அறிந்த ஈழத்தமிழர், 2005-ல் நூலகம் என்னும் மின்னூல் நிலையத்தை நிறுவி, எஞ்சிய தாள்களைச் சேமித்து வருகின்றனர். எழுத்தை இழந்தவர்க்கே எழுத்தின் அருமை தெரியும்.

ஆனால் இவ்வளவு செல்வத்தினுள்ளும் எம் வறண்ட நாட்டைப் பற்றி எழுதப்பட்டது சிறிதே. திருச்சுழியைத் தேடினால் திருக்கோயிலும், 1879-ல் அங்குப் பிறந்த இரமண மகரிஷியின் வரலாறும் கிடைக்கும். ஆனால் மழை தப்பிய ஆண்டில் கம்பை விட்டு எப்பயிருக்கு மாறுவது, புழுதியில் விதைப்பதற்கும் ஈரத்தில் விதைப்பதற்கும் எத்தனை நாள் இடை, எந்தக் கரிசலில் மல்லி நன்கு வரும் என்பவற்றைத் தேடினால் காணொளிகளே வருகின்றன. அவற்றுட் சில பொன் போன்றவை. எழுபது வயது உழவர் ஒருவர் வரப்பில் அமர்ந்து கூறுவதைக் கேட்குந்தோறும் இன்பம் பயக்கும். ஆயினும் இருபதாம் நிமிடத்தில் அவர் கூறிய ஒரு விதையின் பெயரைத் தேடுவான் ஒருவனுக்கு அஃது அகப்படாது. தலைப்பில் அப்பெயர் இல்லை. நிகண்டிற் புதைந்த சொல்லாக அது கிடக்கின்றது. அவர் காலத்துக்குப்பின் அவரை வினாவவும் இயலாது.

காணொளி செய்வோர்க்கு யாம் விடுக்கும் வேண்டுகோள் மிகச் சிறியது. காட்டுவதைக் காட்டுக, அதன் கீழே அரைப்பக்கம் எழுதுக. மருந்தின் பெயர், அளவு, எத்தனை லிட்டருக்கு, எந்நாள் எடுத்தது என்னும் நான்கு வரி போதும். அவ்வாறு செய்வோர் சிலர் இப்பொழுதே உளர். அவர் காணொளிகளை யாமும் விரும்பிப் பார்க்கின்றோம்.

நம் கல்லூரித் தமிழ்ச் சிறப்பு வகுப்பினர் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. வரும் கோடை விடுமுறையிற் சொந்த ஊர் செல்லும் யாம் சிலர், ஆளுக்கொரு கண்மாயை மேற்கொள்ளத் துணிந்துள்ளோம். அதன் மடைகளின் பெயர், கலுங்கின் பெயர், பாயும் நிலங்களின் பெயர், கரை காத்தவர் முறை, இவற்றை முதியோரிடம் வினாவி எழுதி, எழுதியதை அவர்க்கே படித்துக் காட்டித் திருத்தி, தாளிலும் இணையத்திலும் இடுதல் வேண்டும் என்பது ஏற்பாடு. சொற்களை விக்சனரியில் ஏற்றலாம் என்று ஆசிரியர் ஒருவர் கூறினார். எம்.ரெட்டியபட்டிப் பக்கத்திற்குப் பெரியம்மாவே முதல் ஆசிரியராக இசைந்துள்ளார்; தம் சொல்லை யாம் எழுதி முடித்த ஒவ்வொரு நாள் மாலையும் அதனைத் தமக்கு முழுவதும் வாசித்துக் காட்டவேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை.